பன்னிரண்டாவது ஊசி

ரோஸ்லின் வீட்டில் எந்தத் துணிக்கும் லேசில் சாவு கிடையாது. புடவை கிழிந்தால் தலையணை உறையாகும். உறை நைந்தால் அடுப்படியில் சட்டி இறக்கும் பிடிதுணியாகும். பிடிதுணி கருகிப்போனால் அவள் வீட்டுக்காரர் அடைக்கலராஜின் லோடு ஆட்டோவைத் துடைக்கப் போகும். அதற்குப் பிறகும் அவர் பாட்டுக்கு அதை வீசிவிட முடியாது, கேட்டுவிட்டுத்தான் வீச வேண்டும். "என்னைத்தான் இன்னும் வெட்டித் தைக்கல, மத்ததெல்லாம் ஆயிடிச்சி" என்று அவர் ஆட்டோ ஸ்டாண்டில் சொல்லிச் சிரிப்பார்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. திண்டிவனம் கிடங்கலில், மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பின்சந்தில் வீடு. தையல் மெஷின் உண்டு, அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள். ஆனால் அதை ஒரு பெருமையாக அவள் சொல்லிக்கொண்டதில்லை. அவள் பெருமையெல்லாம் பிள்ளைகளுக்குத் தைக்கும் துணிமெத்தையில்தான் இருந்தது. சொந்தத்தில் ஒருத்தி உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்தால் போதும், அந்த வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பழம்புடவையை ரோஸ்லினிடம் கொடுத்துவிட வேண்டும். அது கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து நன்றாக மெத்தென்று ஆன பருத்திப் புடவையாக இருக்க வேண்டும். புதுத்துணியைக் கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள், கஞ்சி போட்ட துணி பிள்ளை உடம்பை அறுக்கும் என்பாள். நாலு புடவையை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கையூசியால் நெருக்க நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போவாள். மெஷினில் தைத்தால் விறைத்துப்போகும் என்று அதற்கு மட்டும் மெஷினைத் தொட மாட்டாள். இப்படிப் பதினேழு பிள்ளைகள் அவள் மெத்தையில் படுத்து, அதை நனைத்து, அதிலேயே புரண்டு வளர்ந்திருக்கிறார்கள். அதில் ஒரு பையன் பிளஸ் டூ படிக்கும் வரைக்கும் மெத்தையில் மிஞ்சிய கிழிசலை முகத்தில் போட்டுக்கொண்டுதான் தூங்கினான். கல்யாண வீடுகளில் அந்தக் கதையைச் சொல்லி அவன் மானத்தை வாங்குவது ரோஸ்லினுக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

பிள்ளைத் துணிக்கு அவளிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, முடிச்சு போடக் கூடாது. நூலின் நுனியைப் பழைய தையலுக்குள்ளேயே திருப்பித் திருப்பிச் செருகி மறைத்துவிடுவாள். கடுகளவு முடிச்சானாலும் பச்சைப் பிள்ளையின் முதுகில் உறுத்தும் என்பது அவள் கட்சி. இரண்டாவது, வேலை முடிந்ததும் ஊசியை எண்ண வேண்டும். ஒரு சிவப்புக் கம்பளித் துண்டில் வரிசையாகக் குத்திவைத்த பன்னிரண்டு ஊசிகள் அவளிடம் இருந்தன. பன்னிரண்டு என்று கேட்டதும் அடைக்கலராஜ் சும்மா இருப்பாரா, அவற்றுக்கு இயேசுவின் பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் பேரை வைத்துவிட்டார். தடித்த ஊசி இராயப்பர். இருப்பதிலேயே மெல்லிசான, பிள்ளைத் துணிக்கென்றே ஒதுக்கிய ஊசி அருளப்பர். "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று அவர் கேட்காமல் அந்த வீட்டில் கம்பளித் துண்டு சுருட்டப்பட்டதில்லை.

எதிர்வீட்டுத் தையல்நாயகி ஒருமுறை யாருடைய ஜாக்கெட்டிலோ ஒரு குண்டூசியை மறந்து விட்டுவிட்டாள். ரோஸ்லின் அதைக் கேள்விப்பட்டு நடுத்தெருவில் நின்று, "ஊசிய எண்ணத் தெரியாதவளுக்கு இன்னாத்துக்குத் தையலு? நானா இருந்தா இந்தக் கைய வெட்டிப் போட்டுடுவேன்" என்று தெருவே கேட்கச் சொன்னாள். அந்த வாய்க்கும் ஒரு நாள் வந்தது.

அது மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். கிழிந்த நைட்டி ஒன்றைக் கால்மிதிக்காகப் பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. விழுப்புரத்திலிருந்து அண்ணி இருதயசெல்வி.

"அடிப்பாவி ரோஸ்லினு! ஊசிய உள்ள வெச்சி தெச்சிக் குடுத்திருக்கியேடி!"

ரோஸ்லினுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா அண்ணி சொல்றீங்க? எந்த ஊசி?"

"எண்ணெய் தடவலாம்னு பாப்பாவத் தூக்கனேன். தொடையில ரத்தம்! கோடு கிழிச்சாப்புல இருக்கு. இன்னாடான்னு மெத்தையத் தடவிப் பாக்கறேன், மூலையில ஊசி நீட்டிக்கினு நிக்குது. கண்ணுல குத்தியிருந்தா? வாயில போயிருந்தா? நீ ஒரு தையக்காரியா? டாக்டராண்ட தூக்கிக்கினு ஓடறோம், வைடி போன!"

போன் வைக்கப்பட்ட பிறகும் ரோஸ்லின் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ, திடீரென்று அலமாரிக்கு ஓடிக் கம்பளித் துண்டை எடுத்துப் பிரித்தாள். எண்ணினாள். பதினொன்று. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான். அருளப்பர் இருந்த இடத்தில் இரண்டு சிறு துளைகள் மட்டும் இருந்தன.

அந்தக் குழந்தை ஜெனித்தின் குழந்தை. அண்ணன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அவருடைய ஒரே மகள் ஆரோக்கிய ஜெனித், விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷனுக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை என்பதால் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை, பிறந்து இருபத்திரண்டு நாள். ஞானஸ்நானம் ஆகாததால் இன்னும் பேரில்லை, பாப்பாதான். இதற்கு முன்னால் ஜெனித்துக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. இதயத்தில் ஓட்டை இருந்ததாகச் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டது. அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் கிடைத்த பிள்ளை இது. இதன் தொடையில்தான் தன் ஊசி கோடு கிழித்திருக்கிறது.

எப்படி நடந்திருக்கும் என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மெத்தையை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போயிருந்தாள். ஓர் ஓரம் தைக்கப் பாக்கி இருந்தது. ஜெனித்தின் கட்டிலிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டே அதை முடித்தாள். சாப்பிட்டு எழுந்ததும், விழுப்புரத்தில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அடைக்கலராஜ் வாசலில் ஹாரன் அடித்தார். "ஜல்தி வா, டிராபிக்கு ஆயிடும்." கம்பளித் துண்டை அப்படியே சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஏறிவிட்டாள். வீட்டுக்கு வந்தும் எண்ணவில்லை, அதற்கப்புறம் கையூசி வேலை வராததால் துண்டைப் பிரிக்கவும் இல்லை. முப்பது வருடத்தில் எண்ணாமல் படுத்தது அந்த ஒரு நாள்தான்.

அடைக்கலராஜுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "நான் வர்ற வரைக்கும் இரு ரோசு" என்றார். அவள் இருக்கவில்லை. கட்டியிருந்த புடவையோடு மேம்பாலத்துக்குக் கீழே ஓடிப்போய், விழுப்புரம் என்று போர்டு போட்டு வந்த முதல் பஸ்ஸில் ஏறினாள். ஜெனித்தின் நம்பருக்கு ஆறு தடவை அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள், எப்படி எடுப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்ற நேரத்தில் மனசு என்னென்னவோ நினைத்தது. ஊசி துருப்பிடித்திருந்ததா? இல்லை, அருளப்பர் துருப்பிடிக்கவில்லை, போன மாதம்தான் எண்ணெய் போட்டுத் துடைத்தாள். கண்ணில் பட்டிருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முண்டியம்பாக்கத்தில் பெரியாஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒரு பெண் கைக்குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஏறினாள். ரோஸ்லின் எழுந்து இடம் கொடுத்தாள். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வீட்டிலிருந்து அவர்கள் திரும்பியிருந்தார்கள். மேல்தோலில் கீறியதுதான், ஆழமில்லை, பயப்பட வேண்டாம் என்று சொல்லி மருந்து தடவி அனுப்பியிருந்தார். பாப்பா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. தொடையில் ஒரு விரல் நீளத்துக்குச் சிவந்த கோடு. ரோஸ்லின் அதைப் பார்த்தாள். வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு அழுதாள். ஜெனித் கட்டிலின் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அத்தை வந்ததற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபம், நியாயமான கோபம் என்று ரோஸ்லின் நினைத்துக்கொண்டாள்.

இருதயசெல்வி ஒரு சில்வர் தட்டை நீட்டினாள். அதில் ஊசி கிடந்தது.

"இந்தா, நல்லா பாரு. யாரு ஊசி இது?"

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. காதோரத்தில் இலேசாகக் கறுத்திருக்கும் அந்த மெல்லிசு ஊசியை ஆயிரம் ஊசிகளுக்கு நடுவில் போட்டாலும் அவள் எடுத்துவிடுவாள்.

"என்னுதுதான் அண்ணி."

"என்னுதுதான் அண்ணியாம்! எவ்ளோ சாதாரணமா சொல்றா பாரு. ஊரெல்லாம் அடுத்தவளுக்குப் புத்தி சொல்லிக்கினு திரிஞ்சியே? ஏற்கெனவே ஒன்ன மண்ணுல குடுத்துட்டு நிக்கறா என் பொண்ணு. இதையும் குடுக்கணுமா?"

"அண்ணி, நான் வேணும்னா செஞ்சேன்? எண்ணாம போயிட்டேன். என் கை அழுவிப் போவ."

"உன் கை எப்டியோ போவட்டும். இனிமே உன் கைப்பட்ட துணி என் பேத்தி மேல படக் கூடாது. ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை தைக்கிறேன்னு சொன்னியே, அதுவும் வாணாம். கடையில வாங்கிக்கிறோம். இவளுக்கு மட்டும் இல்ல, நம்ம சொந்தத்துல எவளுக்கும் வாணாம். எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிக்கினுதான் இருக்கேன், வீட்ல இவ தெச்ச மெத்தை இருந்தா தடவிப் பாத்துத் தூக்கி எறிங்கன்னு."

சொல்லிவிட்டு அண்ணி நிஜமாகவே போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். ரோஸ்லின் மறுத்துப் பேச என்ன இருக்கிறது? பதினேழு வீடுகளிலும் இந்நேரம் மெத்தையைத் தடவிக்கொண்டிருப்பார்கள். தான் சொன்னதுதானே, ஊசியை எண்ணத் தெரியாதவளுக்கு எதற்குத் தையல்? முப்பது வருடத்துப் பேர் ஒரு காலை நேரத்தில் போய்விட்டது. அது போவதில்கூட நியாயம் இருக்கிறது என்று நினைத்தபோதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

அந்த அறையில் நிற்க முடியாமல் பின்பக்கம் வந்தாள். துவைக்கிற கல்லின்மேல் மெத்தை வீசப்பட்டுக் கிடந்தது. ஒரு பக்கம் ஈரத்தில் தோய்ந்திருந்தது. அதை அப்படி விட அவளுக்கு மனசு வரவில்லை. எடுத்து உதறினாள். எந்த இடத்தில் தவறவிட்டோம் என்று பார்த்துத் தெரிந்துகொள்ளாவிட்டால் இனித் தூங்கவே முடியாது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை அவள் தைத்த ஓரத்தைக் கண்டுபிடித்து, விரலால் நீவிக்கொண்டே மூலைவரைக்கும் போனாள். மூலைக்கு இரண்டு விரற்கடைக்கு முன்னால் விரலில் என்னவோ தட்டுப்பட்டது.

முடிச்சு.

கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அந்த இடத்தில் அவளுடைய தையல் அறுக்கப்பட்டிருந்தது. அறுத்த இடத்தை யாரோ மறுபடி தைத்திருந்தார்கள். நூல்கூட அவளுடையது அல்ல. ஐந்து தையல்கள். ஒரே நூலில் ஓட்டியதல்ல, ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனியாக முடிச்சு போட்டு, தனித்தனியாக நறுக்கிவிட்டிருந்தது. துணியை இப்படித் தைக்கிற எவளையும் ரோஸ்லின் தன் ஆயுசில் பார்த்ததில்லை.

அப்படியானால் ஊசியை அவள் மறந்து விடவில்லை. யாரோ மெத்தையைப் பிரித்து, ஊசியை உள்ளே வைத்து, மூடித் தைத்திருக்கிறார்கள். பிறந்து இருபத்திரண்டு நாளான குழந்தை படுக்கிற மெத்தையில். அண்ணி செய்திருப்பாளோ என்றுதான் முதலில் புத்தி போனது. நாத்தனார் புத்தி வேறெங்கே போகும்? அடுத்த கணமே அதற்காக வெட்கப்பட்டாள். அண்ணிக்குக் கண்ணாடி போட்டாலும் ஊசியில் நூல் கோக்க வராது. பாப்பாவின் மேல் ஈ உட்கார்ந்தாலும் துடித்துப்போகிறவள் அவள்.

அவசர அவசரமாக அந்த ஐந்து முடிச்சுகளையும் பல்லால் கடித்து அறுத்து, உள்ளே விரலை விட்டாள். ஒட்டுகிற மாதிரி ஏதோ கையோடு வந்தது. வெள்ளை நிறத்தில், சுருண்ட ஒரு துண்டு. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர்.

அப்போதுதான் அந்தத் தையலை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. துணியில் அல்ல. நாலு வருடத்துக்கு முன் அடைக்கலராஜ் வண்டியிலிருந்து விழுந்து முட்டி கிழிந்தபோது போட்டிருந்த தையல் அப்படித்தான் இருந்தது. "ஏன் ஒவ்வொண்ணா முடிச்சு போட்டுக்கினு? ஒரே நூலா ஓட்டிட்டா ஆவாதா?" என்று அவள் அன்றைக்குத் தொழில்காரி என்ற முறையில் குறை சொன்னாள். பக்கத்தில் நின்ற ஜெனித் சிரித்துக்கொண்டே, "ஒண்ணு அறுந்தாலும் மத்தது புடிச்சிக்கும் அத்தை, அதுக்குத்தான்" என்றாள். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்கு நூல் எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் அவள். தையல் என்றால் அவள் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ரோஸ்லின் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற தாய் செய்திருக்கிறாள். இதை நம்புவதைவிடத் தானே தவறவிட்டேன் என்று நம்புவது எவ்வளவோ மேலாக இருந்தது.

அண்ணியின் குரல் வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. ரோஸ்லின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஜெனித்தின் முன்னால் கையை விரித்தாள். உள்ளங்கையில் பிளாஸ்டர் இருந்தது.

"இன்னாது ஜெனி இது?"

ஜெனித் அதைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு, யாரோ கேட்ட சாதாரணக் கேள்விக்குப் பதில் சொல்கிறவளைப் போல, "மூணு சுத்து சுத்திதான் வெச்சேன் அத்தை. வெளிய வராதுன்னு நெனச்சேன்" என்றாள்.

ரோஸ்லினின் கை ஓங்கிவிட்டது. பிள்ளை பெற்ற பச்சை உடம்பு என்பதால் பாதியில் நின்றது. "உனுக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? இன்னாத்துக்குடி செஞ்ச?"

"இரும்பு இருக்கணும் இல்ல அத்தை. பாப்பா பக்கத்துல."

பிறந்த பிள்ளையின் தலைமாட்டில் ஏதாவது ஓர் இரும்புச் சாமான் வைப்பது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். காத்து கருப்பு அண்டாது என்பார்கள். இருதயசெல்வி கோயிலுக்குத் தவறாதவள், ஆனாலும் இதில் எந்தப் பக்கத்தையும் விட்டுக்கொடுக்காதவள். முதல் பிள்ளை பிறந்தபோது தலையணைக்கு இந்தப் பக்கம் ஜெபமாலையையும் அந்தப் பக்கம் பாக்குவெட்டியையும் வைத்தாள். ஜெனித் ஜெபமாலையை விட்டுவிட்டுப் பாக்குவெட்டியை மட்டும் எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசினாள். துருப்பிடித்ததை எல்லாம் பிள்ளை பக்கத்தில் வைப்பார்களா, நான் நர்ஸா இல்லையா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாள். ரோஸ்லினும் அன்றைக்குச் சிரித்தவள்தான். ஏழு நாள் கழித்து அந்தச் சின்னப் பெட்டியை மூடினார்கள். மூடுகிற நேரத்தில் இருதயசெல்வி மார்பில் அடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள். "நான் வெச்ச இரும்ப எடுத்து வீசனியேடி!"

"எனக்குத் தெரியும் அத்தை" என்றாள் ஜெனித். "ஓட்டைன்னு தெரியும். எக்கோ ரிப்போர்ட்ட நான்தான் மொதல்ல படிச்சேன். இரும்பு இருந்தாலும் இல்லாட்டியும் அவன் போயிருப்பான். வேற எவளாவது இப்டி சொன்னா நானே புத்தி சொல்லுவேன். ஆனா இவ தூங்கும்போது மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கினே உக்காந்திருக்கேன். பாக்கப் பாக்க அம்மா சொன்னதுதான் காதுல கேக்குது. அம்மா இந்தத் தடவ எதுவுமே வெக்கல. நான் கோச்சிப்பேன்னு வெக்கல."

"அதுக்கு வாயத் தொறந்து கேட்டிருக்கலாமேடி. ஒரு பாக்குவெட்டிய கொண்டாந்து வைம்மான்னா வெச்சிட்டுப் போறா."

ஜெனித் அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். "எப்டி கேப்பேன்? கேட்டா, அது நெசம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் இல்ல? மொதப் புள்ளைய நான்தான் கொன்னேன்னு ஆயிடும் இல்ல?"

ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பிடப் போன நேரத்தில் ஜெனித் கம்பளித் துண்டிலிருந்து ஊசியை உருவியிருக்கிறாள். மெல்லிசான ஊசியாகப் பார்த்து, பிள்ளைக்கு உறுத்தாத ஊசியாகப் பார்த்து எடுத்திருக்கிறாள். அதில்கூடக் கவனமாக இருந்திருக்கிறாள். ரோஸ்லினுக்கு அவளை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"உங்கள அம்மா அவ்ளோ திட்டனாங்க, நான் சும்மா உக்காந்திருந்தேன். பயம் அத்தை. சொன்னா இவள என்னாண்ட குடுக்க மாட்டாங்க. நானே குடுத்திருக்க மாட்டேன், என் ஆஸ்பத்திரில இப்டி ஒருத்தி வந்திருந்தா."

"வாய மூடு" என்றாள் ரோஸ்லின். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஊசி என்னுது. எண்ணாம போனதும் நான். இத்தோட முடிஞ்சிது. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நீ புள்ளையப் பாரு."

சொல்வது சுலபமாக இல்லை. பதினேழு வீடும் தையல்நாயகியின் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்துதான் போயின. இனி எந்த வீட்டிலிருந்தும் பழம்புடவை வராது. அந்த வெள்ளைச் சட்டைக்கு எடுத்துவைத்திருந்த மல் துணியை என்ன செய்வது என்றுகூட மனசு யோசித்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள். பிளாஸ்டரைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு இருதயசெல்வி வந்தாள். போன் இன்னும் காதில் இருந்தது. "ஆமா அமலா, இங்கதான் நின்னுக்கினு இருக்கா மகராசி. உன் புள்ளைக்குத் தெச்சதையும் எடுத்துக் கொளுத்திடு. எதுக்கு வம்பு? இந்தப் பேஜாரு புடிச்ச கையி ..."

"அம்மா, போன வை" என்றாள் ஜெனித்.

"இரு, பேசிக்கினு இருக்கேன் இல்ல."

"போன வைம்மா! அத்தை ஊசிய மறந்து விடல. நான்தான் வெச்சேன்."

ரோஸ்லின் பாய்ந்து அவள் வாயைப் பொத்தப் பார்த்தாள். ஜெனித் அந்தக் கையை விலக்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி எடுத்ததை, மெத்தையைப் பிரித்ததை, பிளாஸ்டர் சுற்றியதை. அண்ணியின் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு மாதிரி வந்தது, மகள் ஏதோ பிதற்றுகிறாள் என்கிற மாதிரி. பிறகு அது போய்விட்டது.

"நீயா? நீயாடி? புள்ள படுக்கற மெத்தையில? எதுக்கு?"

"நீ சொன்னதாலதான்."

"நான் இன்னா சொன்னேன்?"

"அவன் பெட்டிய மூடும்போது சொன்னியே. நான் வெச்ச இரும்ப எடுத்து வீசனியேன்னு."

இருதயசெல்வி மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நானா?" என்றாள். "நான் எப்ப சொன்னேன்? அப்டியெல்லாம் நான் சொல்லவேயில்ல. புள்ள செத்து நிக்கறவளப் பாத்து அப்டி சொல்லுவேனா? எந்தத் தாயாவது சொல்லுவாளா?"

அவள் பொய் சொல்லவில்லை. அது அவள் முகத்திலேயே தெரிந்தது. அவளுக்கு அந்த வார்த்தை நினைவிலேயே இல்லை. சொன்ன அன்றைக்கே அது அவளை விட்டுப் போயிருந்தது. போனுக்குள் அமலா, "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"ரோஸ்லினு, நீ இருந்தியே அங்க" என்று அண்ணி அவள் பக்கம் திரும்பினாள். இத்தனை நேரம் திட்டிய குரல் இல்லை இது, கெஞ்சுகிற குரல். "நீ சொல்லு. நான் அப்டியா சொன்னேன்?"

இல்லை என்று சொல்ல ரோஸ்லினுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் அண்ணி பிழைத்துக்கொள்வாள். ஜெனித் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் காதில் இரண்டு வருடமாகக் கேட்பது நிஜமா, தனக்குப் புத்திதான் பேதலித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிற பார்வை அது.

"சொன்னீங்க அண்ணி" என்றாள் ரோஸ்லின். "நான்தான் இவ தோளப் புடிச்சிக்கினு நின்னேன். எனக்கு நல்லாவே கேட்டுச்சி. அப்பவே, அதெல்லாம் ஒண்ணும் இல்லடி கண்ணுன்னு இவளாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். அண்ணியாண்ட இந்த நேரத்துல இன்னாத்துக்கு வாய் குடுக்கறதுன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

இருதயசெல்வி கதவைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். போன் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அதை அவள் அணைக்கவில்லை. கட்டிலில் பாப்பா சிணுங்கியது. மூன்று பேரில் யாரும் அதைத் தூக்கப் போகவில்லை.

"ரெண்டு வருசமாவாடி?" என்று அண்ணி கேட்டாள். "ரெண்டு வருசமாவா அத நெனச்சிக்கினு இருந்த?"

ஜெனித் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.